உறையைப் பார்த்து எண்ணிய வளையங்கள்

மீனின் தலைக்குள் கல் இருக்கிறது என்பது எனக்கு நாற்பத்தேழு வயதில்தான் தெரிந்தது. அதுவரை எத்தனை மீன் கழுவியிருப்பேன், எத்தனை தலையைக் குழம்பில் போட்டிருப்பேன். பல்லில் ஏதாவது கடிபட்டால் எலும்பு என்று துப்பிவிட்டு அடுத்த வாய்க்குப் போய்விடுவேன். அது எலும்பு இல்லை, காதுக்கல் என்று எனக்குச் சொன்னவர் பல்கலைக்கழகத்தின் மீன்வள ஆய்வு மையத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண். அதற்கு முன் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர், படிப்பு விடுப்பில் வந்திருந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது சிறியவர். ஆனாலும் நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை அக்கா என்றார்.

நான் படிவம் மூன்றோடு, ஒன்பதாவது வருஷத்தோடு, பள்ளியை விட்டவள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் மைக்ராஸ்கோப்பில் குனிந்து சிப் பார்த்தேன். கீறல் இருக்கிறதா, கம்பி விலகியிருக்கிறதா, அவ்வளவுதான் வேலை. எங்கள் பிரிவையே வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு, ஒப்பந்தத்தில் இந்த மையத்துக்கு வந்தேன். மேசை துடைப்பது, கண்ணாடிக் குவளை கழுவுவது, மீன் தொட்டிகளுக்கு உப்புத்தண்ணீர் பார்ப்பது. மீன் வாடை அடிக்கிறது என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள். அது ஒன்றுதான் குறை. மற்றபடி கண்ணுக்கு ஓய்வு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் பயந்தவள். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்றாவது மாடியிலிருந்து இறங்கினால், கீழே வந்து மறுபடி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஏறிய பிறகு இஸ்திரிப்பெட்டி ஞாபகம் வரும். மையத்தில் சேர்ந்த முதல் வாரம், விலை தெரியாத எந்தச் சாமானையும் நான் தொடவில்லை. அங்கே விலை தெரிந்த சாமான் துடைப்பம் மட்டும்தான்.

அப்படிப்பட்டவள் டீச்சரின் மைக்ராஸ்கோப்பில் கை வைத்தது எப்படி என்று எனக்கே புரியவில்லை. ஒரு நாள் அவர் லென்ஸில் குனிந்து, நிமிர்ந்து, கண்ணைக் கசக்கி, மறுபடி குனிந்துகொண்டிருந்தார். நான் பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டே வந்தேன், என் கை தானாக நீண்டு திருகைக் கொஞ்சம் திருப்பி, விளக்கைக் கொஞ்சம் தணித்தது.

"பாருங்க டீச்சர்."

அவர் பார்த்தார். "ஐயோ அக்கா, எங்க கத்துக்கிட்டீங்க இத?"

"ஃபேக்டரில லா. வெளிச்சம் அதிகமா இருந்தா கோடு மறைஞ்சிரும்."

அன்று மத்தியானமே அவர் என்னைத் தன் வேலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவருடைய வேலை இதுதான். ஜெனாஹாக் மீன் இருக்கிறதே, பாசார் என்கிற சந்தையில் நல்ல விலைக்குப் போகும், அந்த மீனின் காதுக்கல்லில் வருஷத்துக்கு ஒரு வளையம் விழும், மரத்தில் விழுகிற மாதிரி. கல்லை மெல்லிய துண்டாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து வளையத்தை எண்ணினால் மீனின் வயது தெரியும். இந்த நீளத்து மீனுக்கு இத்தனை வயது என்று நூற்றுக்கணக்கான மீனுக்குக் கண்டுபிடித்துவிட்டால், மீன் வேகமாக வளர்கிறதா மெதுவாக வளர்கிறதா என்று சொல்லலாம். மெதுவாக வளர்கிற மீனைச் சின்னதிலேயே பிடித்துத் தின்றால் கடலில் மிச்சம் இருக்காது. எவ்வளவு பெரிதானபின் பிடிக்கலாம் என்பதைச் சொல்வதுதான் அவருடைய ஆய்வேட்டின் முடிவு.

வாரத்தில் இரண்டு காலை பாசாருக்குப் போவோம். தலையை வெட்டினால் மீன் விற்காது என்று மீன்கடை முதலாளி, ஒரு சீனத் தௌக்கே, முதலில் விரட்டினார். டீச்சர் ஒரு மீனை வாங்கி, செவுளைத் தூக்கி, உள்பக்கமாக இடுக்கி விட்டு, கல் இரண்டையும் எடுத்துக்கொண்டு மீனை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். அவர் மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு அடையாளமும் இல்லை. அதிலிருந்து எங்களைப் பார்த்தாலே பக்கத்துக் கடைக்காரரிடம், "வந்துட்டாங்க, காது குடையறவங்க" என்று மலாயில் சொல்லிச் சிரிப்பார்.

எடுத்த கல்லைக் கழுவிக் காயவைத்துச் சின்னக் காகித உறையில் போடுவோம். உறைமேல் எண், தேதி, மீனின் நீளம், எடை. பிறகு கல்லைப் பிசினில் பதித்து, ரம்பத்தில் அறுத்து, தேய்த்து, கண்ணாடித் துண்டில் ஒட்டுவோம். கண்ணாடியில் எண் மட்டும் இருக்கும். எண்ணுகிற வேலை முதலில் எனக்கு, பிறகு தனியாக டீச்சருக்கு. இரண்டு பேர் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் சரி, இல்லாவிட்டால் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

"ஒரே ஒரு விஷயம்கா," என்றார் டீச்சர் முதல் நாளே. "எண்ணறப்ப உறையப் பாக்காதீங்க. மீனோட நீளம் தெரியக்கூடாது."

"சரி டீச்சர்," என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் புரியாதவள் என்று தெரிந்துவிடுமே என்ற பயம்.

முதல் நாற்பது ஐம்பது கல் ஒரு கஷ்டமும் இல்லை. வளையம் பளிச்சென்று இருந்தது. பிறகு ஒரு கல் வந்தது. நடுவில் புகை படிந்த மாதிரி கலங்கல். ஒரு தடவை எண்ணினால் எட்டு, மறுபடி எண்ணினால் பதினொன்று. திரும்ப எட்டு. உறைகள் எல்லாம் அதே மேசையில், கைக்கெட்டுகிற தூரத்தில், அட்டைப் பெட்டியில் இருந்தன. நானே எழுதிய உறைகள்தான். எண்ணைத் தேடி எடுத்துப் புரட்டினேன். நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். அந்த அளவு மீன்களுக்கு எட்டு ஒன்பது என்றுதான் அதுவரை எழுதியிருந்தேன். எட்டு என்று எழுதினேன். நிம்மதியாக அடுத்த கல்லை எடுத்தேன்.

இதைத் திருட்டுத்தனம் என்று நான் அப்போது நினைக்கவில்லை என்றால் யாராவது நம்புவார்களா தெரியாது. தொழிற்சாலையில் ஒவ்வொரு தட்டோடும் ஒரு சீட்டு வரும், முந்தைய ஆள் என்ன பார்த்தாள் என்று எழுதி. நம் கணக்கு அவள் கணக்கோடு ஒத்துவராவிட்டால் சூப்பர்வைசர் கூப்பிடுவார். மூன்று தடவை ஆனால் எச்சரிக்கைக் கடிதம். அதனால் நாங்கள் எல்லோருமே முதலில் சீட்டைப் பார்ப்போம், பிறகுதான் லென்ஸில் குனிவோம். புதிதாக வருகிற பெண்ணுக்கும் அப்படித்தான் காட்டிக்கொடுப்போம். தப்பு வராமல் வேலை செய்வது என்றால் எனக்கு அதுதான். உறையைப் புரட்டுகிற ஒவ்வொரு முறையும் நான் கவனமாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

டீச்சரின் எண்ணிக்கையும் என்னுடையதும் மாறுபட்ட கற்களுக்குச் சேர்ந்து உட்காரும்போது, அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "உங்க கண்ணுதான்கா கண்ணு" என்று தன் எண்ணை அழித்து என் எண்ணை எழுதுவார். எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நீளத்துக்கு எதிரே வயதைப் புள்ளி வைத்துப் படம் போட்டுப் பார்த்தால் எறும்பு வரிசை போல அழகாக வந்தது. மேற்பார்வை செய்த பேராசிரியர் ஒரு சீன அம்மா, அதிகம் பேசமாட்டார். அவரே திரையைத் தட்டி, இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை என்றார். டீச்சர் எனக்கும் சேர்த்து நாசி கண்டார் சோறு வாங்கிவந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மையத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. பழைய கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய் காப்பி கலக்கிக் குடித்துவிட்டு வரலாம், அப்போதும் பாதிப் படம்தான் வந்திருக்கும். தாழ்வாரம் முழுக்க அட்டைப் பெட்டிகள். பழையவற்றைத் தூக்கினால் அடியில் பல்லி முட்டை. இதையெல்லாம் மாட்டிக்கொடுத்தவர் எங்கள் மையத்துக் கம்ப்யூட்டர் அண்ணன். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தவர், வாய் ஓயாதவர்.

"தங்கச்சி, இனி நீ எண்ண வேண்டாம், இவனே எண்ணிருவான்," என்று புது இயந்திரத்தின் தலையில் தட்டினார்.

"அப்ப எனக்கு வேல போயிருமா அண்ணே?"

"பாத்தியா, நான் சும்மா சொன்னதுக்கே உனக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. இவனுக்கு ஒண்ணும் தெரியாது லா. நீ எண்ணுனதப் பாத்துத்தான் இவன் கத்துக்கணும். நீ வாத்தியார், இவன் மாணவன். பிரம்பு வேணுமா?"

ஏற்பாடு அப்படித்தான். மைக்ராஸ்கோப்பின் மேல் கேமரா பொருத்தினார்கள். எல்லாக் கல்லையும் நான் படம் எடுத்தேன், அதற்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தெளிவான கற்களின் படத்தையும், அவற்றுக்கு நாங்கள் எழுதிய வயதையும் இயந்திரத்துக்குக் கொடுப்பது, மிச்சக் கற்களின் படத்தை மட்டும் காட்டி அதையே வயது சொல்லவைப்பது. அதற்கு மீனின் நீளம் தெரியாது. அது சொல்வதும் நாங்கள் எழுதியதும் ஒத்துப்போனால் டீச்சருக்கு ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம். இனி வருகிறவர்கள் வருஷக்கணக்காக எண்ணவேண்டியதில்லை.

ஒத்துப்போகவில்லை.

கலங்கலான கற்களில் இயந்திரம் பதினான்கு என்றது, நாங்கள் ஒன்பது. அது ஆறு என்றது, நாங்கள் எட்டு. பேராசிரியர் இது ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும் என்றார். டீச்சர் இயந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டார். கம்ப்யூட்டர் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போட்டார். ஒரு வாரம் ஓடியது. மறுபடி அதே பதில்.

"ரெண்டு தடவ கழுவி ஊத்திட்டேன். பிடிவாதக்காரனா இருக்கான் லா," என்றார்.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய விடுப்பு அந்த வருஷக் கடைசியோடு முடிகிறது. முன்பே ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது. பள்ளி திறக்கும்போது அவர் வகுப்பில் நிற்கவேண்டும். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால், வேலையும் பார்த்து, தன் ஊர் சுங்கை பட்டாணியிலிருந்து வந்துபோய், சின்னப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அவர் எப்படி முடிப்பார். பன்னிரண்டு வாரம் இருந்தது.

அண்ணன் ஒரு பட்டியல் எடுத்து என்னிடம் கொடுத்தார். "இதெல்லாம் ரொம்ப முரண்டு பண்ற கல்லு. நீ ஒருக்கா படத்தப் பாரு, கேமரா தப்பான்னு சொல்லு."

முதல் படத்தைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டாவதைத் திறந்தேன். மூன்றாவது. ஒவ்வொன்றும் நான் உறையைப் புரட்டிய கல். எண் ஞாபகம் இல்லை, ஆனால் அந்தக் கலங்கலை என் கண் மறக்கவில்லை. இயந்திரம் அடம்பிடிக்கவில்லை. அது கல்லை மட்டும் பார்த்தது. நான் கல்லைப் பார்க்கவில்லை. நீளமான மீனுக்கு அதிக வயது, குட்டை மீனுக்குக் குறைந்த வயது என்று நானே எழுதிவைத்துவிட்டேன். அந்த எறும்பு வரிசை நான் போட்ட கோலம். எறும்பு அங்கே இல்லவே இல்லை. நீளம் ஏன் தெரியக்கூடாது என்று டீச்சரிடம் கேட்காமல் விட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் விடை கிடைத்தது.

"கேமரா சரியாத்தான் இருக்கு அண்ணே," என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்தேன். உண்மையிலேயே காய்ச்சல் மாதிரித்தான் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து என்னென்ன நினைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். இயந்திரத்தின்மேல் பழி போட்டு அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுவார்கள், டீச்சர் நேரத்துக்குக் கொடுத்துவிடுவார், பட்டம் வாங்கிவிடுவார். என் வேலையும் இருக்கும். இப்படி நினைத்தபோது கொஞ்சம் சோறுகூட இறங்கியது. பிறகு அடுத்த பயம் வந்தது. ஆய்வேட்டின் முடிவில் மீன் எவ்வளவு பெரிதானபின் பிடிக்கலாம் என்று ஒரு எண் வருமே, அந்த எண் என் பயத்திலிருந்து வந்ததாக இருக்குமே. அதை நம்பி யாராவது ஏதாவது செய்தால்? நாளைக்கு வேறொருவர் எண்ணிப் பார்த்து டீச்சரைத் தப்பு என்று சொன்னால்? நான் உப்பு போட மறந்தால் என் வீட்டுக் குழம்போடு போகும். இது அப்படிப் போகாது.

மூன்றாம் நாள் காலை போனேன். டீச்சர் அறுக்கும் அறையில் இருந்தார். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் கொசு பாடுவது போல இருக்கும்.

"அக்கா, உடம்பு எப்படி? நான் அந்தக் கம்ப்யூட்டர் அத்தியாயத்த எடுத்திரலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"டீச்சர், மிஷின் மேல தப்பு இல்ல."

"அப்புறம்?"

"நான் உறையப் பாத்தேன்."

"எந்த உறைய?"

"கல்லு கலங்கலா இருந்தா, உறையத் திருப்பி நீளத்தப் பாத்துட்டு எழுதுனேன். தெளிவா இருக்கறதுக்கெல்லாம் பாக்கல. சத்தியமா."

அவருக்கு உடனே உறைக்கவில்லை. பிறகு கை நீட்டி ரம்பத்தை நிறுத்தினார்.

"எத்தன கல்லு?"

"தெரியல டீச்சர்."

"நூறு? எரநூறு?"

"தெரியல. ஞாபகம் இல்ல."

"அக்கா, உங்களது சரின்னு நான் என்னோடத அழிச்சிருக்கேன். தெரியுமில்ல? பென்சில்ல எழுதுனத ரப்பர் போட்டு அழிச்சிருக்கேன்."

அவர் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். கத்தியிருந்தால் தேவலை. நான் அந்த அறையில் ஏற்கனவே கழுவியிருந்த குவளைகளை எல்லாம் மறுபடி கழுவினேன். மத்தியானம் அவர் கார் நிறுத்தியிருந்த இடம் காலியாக இருந்தது.

மறுநாள் வெள்ளைக் கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் பையில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். என்னைப் போகச் சொல்வதற்கு முன் நானே கொடுத்துவிடலாம் என்று. வாசலிலேயே கம்ப்யூட்டர் அண்ணன் பிடித்துக்கொண்டார். அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

"என்ன தங்கச்சி, இஸ்திரி போட்டு ராஜினாமாவா?"

"விளையாடாதீங்க அண்ணே."

"உன்னால நான் ரெண்டு வாரம் அந்தப் பாவப்பட்ட மிஷின வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன். போய் முதல்ல அதுகிட்ட மன்னிப்புக் கேளு. கோட்டப் போடு. உள்ள கூப்பிடறாங்க."

டீச்சர் கண் வீங்கி உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன்.

"ப்ராஃப்கிட்ட சொல்லிட்டேன்கா," என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"மொதல்ல புள்ளி வெச்ச படத்தத் திறந்து பாத்தாங்க. அப்புறம், உறைப் பெட்டியையும் கண்ணாடியையும் ஒரே மேசைல வெச்சது யாருன்னு கேட்டாங்க."

"யாரு?"

"நான்தான்கா. நான்தான் அங்க வெச்சேன். ஏன் பாக்கக்கூடாதுன்னு உங்களுக்கு ஒரு நாள்கூட விளக்கிச் சொல்லல. பத்து வருஷம் வகுப்புல நின்னவ நான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கோவம் போகல. உங்க மேலயும்தான். ஆனா கோவப்பட நேரம் இல்ல. எல்லாக் கல்லையும் மறுபடி எண்ணணும். எட்டு வாரம். நீங்க எண்ணுவீங்களா?"

"நானா?"

"வேற யாரு இருக்கா? உங்க கண்ணுல கோளாறு இல்லக்கா."

பையிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். இஸ்திரி மடிப்பு மாறாமல் விறைப்பாக நின்றது. அதைப் பார்த்து டீச்சருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது, எனக்கு அழுகை வந்தது.

உறைப் பெட்டியைப் பேராசிரியர் தன் அறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டார். இனி கண்ணாடியையே தொட வேண்டாம், எடுத்த படங்களைப் புதுக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்து எண்ணினால் போதும் என்று ஏற்பாடாயிற்று. கம்ப்யூட்டர் அண்ணன் ஒரு திரை செய்துகொடுத்தார். ஒரு கல்லின் படம் வரும். எண்கூட இருக்காது. வரிசையை அது தானே கலைத்துக்கொள்ளும். கீழே ஒரு கட்டம், அதில் வளையத்தின் எண்ணிக்கையை அடிக்கவேண்டும். அடித்துவிட்டால் பின்னால் போகமுடியாது. கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறப் பொத்தான். அதில் தமிழிலேயே 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். எனக்காகத்தான் தமிழில். டீச்சரும் தனியாக, வேறொரு கம்ப்யூட்டரில், அதே கற்களை வேறு வரிசையில் எண்ணுவார்.

முதல் இரண்டு நாள் நான் அந்தப் பொத்தானை அமுக்கவே இல்லை. மூன்றாம் நாள் டீச்சர் வந்து பார்த்தார்.

"என்னக்கா, தெரியாத கல்லு ஒண்ணுகூட வரலயா?"

"எல்லாம் தெரியுது டீச்சர்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் அப்போது இருந்தது நல்ல கலங்கல் கல்.

"இது எத்தன?"

"ஒன்பது."

"நிச்சயமா?"

"பத்தாவும் இருக்கலாம்."

"பன்னெண்டு?"

நான் திரையை நெருங்கிக் குனிந்து பார்த்தேன்.

"அப்ப அமுக்குங்க."

"அமுக்குனா ஒரு கல்லு வீணாப் போகுமே டீச்சர். தௌக்கேகிட்ட எவ்வளவு கெஞ்சி வாங்குனோம்."

"போகட்டும்கா. இந்தக் கல்லுல படிக்க முடியலங்கறதும் ஒரு பதில்தான். அத எழுத எனக்கு எடம் இருக்கு. நீங்க யூகிச்சு எழுதுன ஒன்பதத்தான் எங்க வெக்கறதுன்னு எனக்குத் தெரியாது."

அமுக்கினேன். மணி அடிக்கவில்லை. யாரும் வந்து என் பெயரைக் கேட்கவில்லை. திரையில் அடுத்த கல் வந்தது, அவ்வளவுதான். எனக்கு அப்போது ஐம்பது வயது. பள்ளியில் கேள்வி கேட்டால் தெரியவில்லை என்று சொல்ல பயந்துதான் நான் பாதி நாள் வயிற்றுவலி என்று வீட்டில் இருந்தேன். பிறகு போகாமலே நின்றுவிட்டேன். தொழிற்சாலைச் சீட்டில் சரி, தப்பு என்று இரண்டே கட்டம். தெரியாது என்பதற்கு ஒரு இடத்தைச் செய்து, அதை என் கைக்குப் பக்கத்தில் வைத்து, அமுக்கு என்று சொன்ன மனிதர்களை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை. அந்த நன்றியை அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த நாள் டீச்சருக்குப் பிடிக்குமே என்று இடியாப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு போனேன்.

எட்டு வாரமும் அப்படித்தான் ஓடியது. சில கல்லுக்கு எண், சில கல்லுக்குச் சாம்பல் பொத்தான். மத்தியானத்தில் கண் எரிந்தால் தொட்டி மீன்களுக்குப் போய்த் தீனி போட்டுவிட்டு வருவேன். அண்ணன் அவ்வப்போது எட்டிப் பார்த்து, "வாத்தியாரம்மா, இன்னிக்கு எத்தன பேரு ஃபெயில்?" என்று கேட்பார். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மாலையில் கிளம்புமுன் கம்ப்யூட்டரில் எல்லாம் சேமித்தாயிற்றா என்று மூன்று தடவை பார்ப்பேன். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்வேன். அவரும் திட்டிக்கொண்டே வந்து பார்த்துவிட்டுப் போவார்.

முடிந்ததும் டீச்சர் மறுபடி புள்ளி வைத்தார். நானும் பின்னால் நின்று பார்த்தேன். எறும்பு வரிசை போய்விட்டது. தாளிக்கும்போது சட்டியிலிருந்து தெறித்த கடுகு மாதிரி அங்கங்கே புள்ளி. நாற்பது சென்டிமீட்டர் மீன்களில் எட்டு வயதும் இருந்தது, பதினைந்து வயதும் இருந்தது. கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"அக்கா, இங்க பாருங்க. நாம நெனச்சத விட இது ரொம்ப மெதுவா வளர்ற மீனு. நாம சாப்பிடற மீனுக்குச் சில நேரம் பதினஞ்சு வயசு." அவர் கண் பளபளத்தது. "மொத தடவ எழுதுன எண்ணு அப்படியே போயிருந்தா, இன்னும் சின்னதுலயே பிடிக்கலாம்னு எழுதியிருப்பேன்."

இயந்திரத்துக்கும் புது எண்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். கலங்கல் கற்களில் இம்முறை அதுவும் நாங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே நின்றோம். அத்தியாயம் தப்பித்தது. எனக்கென்னவோ அந்த இயந்திரத்தின்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. துடைக்கும்போது மெதுவாகத் துடைப்பேன்.

டீச்சர் பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் ஒரு பக்கத்தை எனக்குத் தமிழில் சொல்லிக்காட்டினார். முதல் முறை எண்ணியபோது எண்ணியவருக்கு மீனின் நீளம் தெரிய வாய்ப்பிருந்தது, அதனால் அந்த எண்ணிக்கை முழுவதும் கைவிடப்பட்டு, நீளத்தை மறைத்து மறுபடி எண்ணப்பட்டது என்று எழுதியிருந்தார்.

"நான்தான்னு எழுதலயா?"

"எதுக்கு? மேசைல பெட்டிய வெச்சவளுக்கும் அதுல பங்கு இருக்கு."

வாய்மொழித் தேர்வு சில மாதம் கழித்துத்தான் நடந்தது. அன்றைக்கு அவரைவிட நான் அதிகம் தவித்திருப்பேன். தண்ணீர்க் குழாயை மூடினேனா என்றுகூடப் பார்க்கவில்லை. மத்தியானம் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஈரக் கையோடு எடுத்தேன்.

"அக்கா, பாஸ்!"

நான் அப்படியே வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். உறை விஷயத்தைக் கேட்டார்களா என்று கேட்டேன்.

"கேட்டாங்க. மொத கேள்வியே அதான். நடந்தத அப்படியே சொன்னேன். தலையாட்டிட்டு அடுத்ததுக்குப் போயிட்டாங்க. சின்னச் சின்னத் திருத்தம்தான். அதுல ஒண்ணு உங்க வேல."

"எனக்கா?"

"எண்ண முடியாத கல்லு எப்படி இருக்கும்னு ஒரு படம் போடணுமாம். எல்லாம் அழகான படமா வெச்சிருக்கீங்க, படிக்கறவங்க இதையும் பாக்கட்டும்னு சொன்னாங்க. நான் இப்ப ஸ்கூல்ல இருந்துக்கிட்டு எங்க தேடுவேன்? நீங்களே ஒண்ணு எடுத்து அனுப்புங்க. உங்களுக்குப் பிடிச்சதா."

அன்று மாலை வரை அதே வேலைதான். நான் சாம்பல் பொத்தானை அமுக்கிய கற்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றில் கலங்கல் போதாது, இன்னொன்றில் விரிசல். கம்ப்யூட்டர் அண்ணன் பின்னால் வந்து நின்றார்.

"மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறியே. கண்ண மூடிக்கிட்டு ஒண்ண எடு லா. எதுவுமே தெரியாத கல்லுதான கேட்டாங்க?"

"இருங்க அண்ணே. நல்லாத் தெரியாததா இருக்கணும்."

கடைசியில் ஒன்று கிடைத்தது. ஓரத்தில் வளையம் தெளிவாக ஆரம்பித்து, நடுவில் போகப்போகப் பால் கலந்த தேநீர் போல மறைந்துபோகிற கல். அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் டீச்சரிடமிருந்து அழைப்பு.

"அழகா இருக்குக்கா. இதுல உங்களுக்கு எத்தன தெரியுது?"

திரையை இன்னொரு தடவை பார்த்தேன்.

"இப்ப பாத்தா ஏழு. நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடி பதினொண்ணு."

"சரி. இதையே போட்டுடறேன்," என்றார்.